சிறு, நடுத்தர நிறுவனங்களின் நிலைத்தன்மைச் செயல்திறன் அளவீடு: திருப்பூர்ச் சாயத்தொழிலை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

தொழில் நிறுவனங்களின் நிலைத்தன்மையை எண்களால் அளந்து வெளியிடும் வழக்கம், பெருநிறுவனங்களிடமிருந்து அவற்றுக்குப் பொருளும் உழைப்பும் வழங்கும் சிறு நிறுவனங்களை நோக்கிப் பரவி வருகிறது. இவ்வழக்கம் தனி நிறுவனத்தை அளவீட்டின் எல்லையாகவும், அதன் விற்றுமுதலை ஒப்பீட்டின் அடிப்படையாகவும் கொள்கிறது. உற்பத்தி பல பட்டறைகளுக்கிடையே பகிர்ந்து நடைபெறும் தொழில்நகரங்களுக்கு இவ்விரண்டும் பொருந்துமா என்பதைத் திருப்பூர்ச் சாயத்தொழிலைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. விலை பேசும் வலிமை இல்லாத நிறுவனத்தைச் சூழலுக்குப் பொறுப்பற்றதாகக் காட்டும் இயல்பு இவ்வளவீட்டு முறையிலேயே அமைந்துள்ளது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: நிலைத்தன்மை, சிறு நிறுவனங்கள், சாயத்தொழில், நொய்யல், நீர்ச் செறிவு, பொறுப்புடைமை.

முன்னுரை

ஒரு தொழில் இலாபம் தருகிறதா என்பதை அறியக் கணக்கேடு நெடுங்காலமாக உண்டு. அவ்விலாபம் ஆற்றையும் தொழிலாளரையும் வருங்காலத் தலைமுறையையும் எவ்வாறு தொடுகிறது என்பதைப் பதியும் கணக்கேடு அண்மைக் காலத்தது. 1987இல் வெளிவந்த புருண்ட்லாண்ட் ஆணையத்தின் அறிக்கை, வருந்தலைமுறையின் தேவைக்கு ஊறு செய்யாமல் இன்றைய தேவையை நிறைவுசெய்வதே நிலையான வளர்ச்சி என வரையறுத்தது. 1994இல் ஜான் எல்கிங்டன், பொருளாதாரம், சமூகம், சூழல் ஆகிய மூன்றுக்கும் ஒரு நிறுவனம் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் கருத்தை முன்வைத்தார். அதே எல்கிங்டன் 2018இல், தம் கருத்து வெறும் கணக்கியல் கருவியாகச் சுருங்கிவிட்டதெனக் கூறி, அதனைத் திரும்பப் பெற்று மறுபரிசீலனை செய்ய வேண்டும் என எழுதினார்.

கருத்தை உருவாக்கியவரே ஐயுறும் நிலையிலும் அளவீடுகள் பெருகியே வந்துள்ளன. எவற்றை அளக்க வேண்டும் என்பது பற்றிய விவாதம் மிகுதியாக நடைபெற்றுள்ளது. எந்த எல்லைக்குள் வைத்து அளப்பது, எதனால் வகுத்து ஒப்பிடுவது ஆகிய வினாக்கள் அந்த அளவுக்கு விவாதிக்கப்படவில்லை. சிறு நிறுவனங்களைப் பொறுத்தவரை இவ்விரு வினாக்களே முதன்மையானவை.

அளவீட்டு முறைகளின் பரவல்

இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியமான செபி, 2021 மே மாதத்தில் வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை என்னும் படிவத்தை அறிமுகப்படுத்தியது. 2019ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டு நெறிகளில் உள்ள ஒன்பது கோட்பாடுகளே இப்படிவத்துக்கு அடிப்படை. சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு 2022-23 நிதியாண்டு முதல் இது கட்டாயமானது. 2023இல், முதல் 250 நிறுவனங்கள் தம் மதிப்புச் சங்கிலியில் உள்ள கூட்டாளிகளின் தரவுகளையும் தர வேண்டும் என்னும் திட்டம் அறிவிக்கப்பட்டது. பின்னர் அது தளர்த்தப்பட்டு விருப்பத்துக்குரியதாக்கப்பட்டது. தளர்த்தப்பட்ட போதிலும், பெருநிறுவனத்தின் அறிக்கைக்கான தரவு சிறு நிறுவனத்தின் பட்டறையிலிருந்து வர வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு மறைந்துவிடவில்லை.

ஏற்றுமதிச் சந்தையிலும் இதே போக்குக் காணப்படுகிறது. பட்டியலிடப்படாத சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கென ஐரோப்பிய நிதி அறிக்கை ஆலோசனைக் குழு உருவாக்கிய தன்விருப்ப நெறிமுறையை 2025 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் பரிந்துரைத்தது. அதன் அடிப்படைப் பகுதியில் 11 வெளியீடுகள் உள்ளன. ஒவ்வொரு கொள்முதலாளரும் வெவ்வேறு வினாநிரல் அனுப்பும் தொல்லையைக் குறைப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. இந்திய அரசின் 'செட்' சான்றிதழ்த் திட்டம் வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று நிலைகளில் நிறுவனங்களைத் தரப்படுத்துகிறது. 2022இல் திருத்தியமைக்கப்பட்ட இத்திட்டத்தில் குறுநிறுவனங்களுக்குச் சான்றிதழ்க் கட்டணத்தில் 80 விழுக்காடும், சிறு நிறுவனங்களுக்கு 60 விழுக்காடும், நடுத்தர நிறுவனங்களுக்கு 50 விழுக்காடும் மானியம் உண்டு.

இம்முறைகளின் நோக்கங்கள் வேறுபடினும் படிவத்தை நிரப்புவது தனி நிறுவனமே. மதிப்பெண்ணோ சான்றோ அந்நிறுவனத்தின் பெயரிலேயே பதிவாகிறது.

'சிறு நிறுவனம்' என்னும் வகைப்பாடு

அளவீட்டுக்கு உட்படும் பொருளின் வரையறையே நிலையாக இல்லை என்பது முதற்கண் கருதத்தக்கது. 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருந்த வரையறையின்படி, முதலீடு 50 கோடி ரூபாய்க்கும் விற்றுமுதல் 250 கோடி ரூபாய்க்கும் மிகாதவை நடுத்தர நிறுவனங்கள் என வகைப்படுத்தப்பட்டன. 2025 ஏப்ரல் முதல் இவ்வரம்புகள் முறையே 125 கோடியாகவும் 500 கோடியாகவும் உயர்த்தப்பட்டன. குறுநிறுவனத்துக்கான வரம்பு இப்போது இரண்டரைக் கோடி முதலீடும் 10 கோடி விற்றுமுதலும் ஆகும்.

நான்கு தையல் இயந்திரங்களை வைத்துக் கூலிக்குத் தைக்கும் கூடமும், தனி ஆய்வகமும் கணக்குப் பிரிவும் உடைய ஏற்றுமதி நிறுவனமும் இதனால் ஒரே தொகுதிப் பெயருக்குள் அடங்குகின்றன. முன்னதில் கணக்கெழுதுவதும் சம்பளம் தருவதும் சரக்கு ஏற்றுவதும் பெரும்பாலும் உரிமையாளரே. மின்கட்டணச் சீட்டு, நீர் கொண்டுவரும் லாரியின் ரசீது, கூலிப் பட்டியல் ஆகியவற்றைத் திரட்டிப் படிவமாக்கும் செலவு, நிறுவனம் சிறுத்ததற்கேற்பச் சிறுப்பதில்லை. அளப்பதற்கான செலவே வருவாயில் ஒரு பங்கைக் கொண்டுபோகும் நிலையில், அளவீடு சிறு நிறுவனத்தின் செயல்திறனைக் காட்டுவதைவிட அதன் படிவம் நிரப்பும் திறனைக் காட்டுவதாகவே அமைந்துவிடுகிறது.

நொய்யல் தரும் சான்று

வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றி, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியே சென்று காவிரியில் கலப்பது நொய்யல். திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் இவ்வாற்றின் கரையில் வளர்ந்தது. நூல் வாங்குதல், பின்னல், சலவை, சாயமேற்றுதல், அச்சிடுதல், வெட்டுதல், தைத்தல், பொதிதல் எனப் பல கட்டங்களாகப் பிரிந்த இத்தொழிலில், ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனிப் பட்டறைகள் கூலிக்குச் செய்து தருகின்றன. 'ஜாப் ஒர்க்' என்றே வழங்கும் இம்முறை திருப்பூரின் விரைவுக்கும் நெகிழ்வுக்கும் காரணமாயிற்று.

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் பற்றிக்கொள்ள உப்பு மிகுதியாகத் தேவைப்படுகிறது. சாயம் துணியில் தங்கினாலும் உப்பு கழிவுநீரோடு வெளியேறும். வண்ணத்தையும் கரிமக் கழிவையும் வழக்கமான சுத்திகரிப்பு முறைகளால் குறைக்க முடியும். கரைந்த உப்பை அவற்றால் நீக்க இயலாது. கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்னும் விதி மீறப்பட்டதன் அடிப்படைக் காரணம் இதுவே. பாசனத்துக்காக 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறியது. ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர்.

2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், சாயப்பட்டறைகள் கழிவுநீரை ஆற்றில் விடாத நிலையை எட்ட வேண்டும் என்று ஆணையிட்டது. அதுவரை வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 6 காசில் தொடங்கி 10 காசு வரை படிப்படியாக உயரும் தொகையைச் செலுத்தவும் பணித்தது. 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டின் வழியில் உழவர்களின் நிலைப்பாட்டை ஏற்றது. ஆணைகள் நிறைவேற்றப்படாத நிலையில், 2011 ஜனவரி 28 அன்று உயர்நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவை ஆலைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது.

அளவீட்டு நோக்கில் இவ்வழக்கு இரண்டு உண்மைகளைக் காட்டுகிறது. முதலாவது, நீதிமன்றம் கழிவை லிட்டரால் அளந்தது. அந்த லிட்டரை விற்றுமுதலால் வகுக்கவில்லை. ஒரு பட்டறை எவ்வளவு வருவாய் ஈட்டிற்று என்பது ஆற்றுக்குப் பொருட்டன்று. எவ்வளவு உப்பு சேர்ந்தது என்பதே பொருட்டு. இரண்டாவது, மூடும் ஆணை விதிகளைப் பின்பற்ற முயன்றவரையும் பின்பற்றாதவரையும் ஒருங்கே தாக்கியது. தனிப் பட்டறை ஒன்றின் நிலைத்தன்மை அதன் சுவர்களுக்குள் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

விற்றுமுதலால் வகுப்பதன் சிக்கல்

அளவில் வேறுபட்ட நிறுவனங்களை ஒப்பிட, பயன்படுத்திய நீரையோ ஆற்றலையோ விற்றுமுதலால் வகுத்துப் பெறும் 'செறிவு' என்னும் அளவை கையாளப்படுகிறது. செபியின் படிவத்தில் நீர், ஆற்றல், உமிழ்வு ஆகியவற்றுக்கு இவ்வளவை கேட்கப்படுகிறது. ஐரோப்பியத் தன்விருப்ப நெறிமுறையும் பசுங்குடில் வாயு உமிழ்வை விற்றுமுதலால் வகுக்கச் சொல்கிறது. நடுநிலையானதாகத் தோன்றும் இவ்வகுத்தல், கூலிமுறைத் தொழிலில் எத்தகைய விளைவைத் தருகிறது என்பதைக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

ஒரு சாயப்பட்டறை 1000 கிலோ துணிக்குச் சாயமேற்ற 50,000 லிட்டர் நீரைப் பயன்படுத்துவதாகக் கொள்வோம். துணி ஏற்றுமதியாளருடையது. பட்டறைக்குக் கிடைப்பது கிலோவுக்கு 100 ரூபாய் கூலி மட்டுமே. அதன் விற்றுமுதல் ஒரு லட்சம் ரூபாய். நீர்ச் செறிவு ரூபாய்க்கு அரை லிட்டர். அதே 1000 கிலோவுக்கு அதே அளவு நீரில் தானே சாயமேற்றித் தைத்து 8 லட்சம் ரூபாய்க்கு விற்கும் நிறுவனத்தின் நீர்ச் செறிவு ரூபாய்க்கு 0.0625 லிட்டர். நீரின் அளவில் ஒரு துளி வேறுபாடும் இல்லை. குறியீட்டில் எட்டு மடங்கு வேறுபாடு உண்டு. சாயமேற்றுதலை வெளியே கூலிக்குக் கொடுத்துவிடும் ஏற்றுமதியாளரின் சொந்த நீர்க்கணக்கோ பெருமளவு சுருங்கிவிடும்.

இதனினும் கடுமையான விளைவு ஒன்று உண்டு. கொள்முதலாளர் விலையைக் குறைக்க, ஏற்றுமதியாளர் சாயக்கூலியைக் கிலோவுக்கு 80 ரூபாயாக்குகிறார் எனக் கொள்வோம். பட்டறையின் நீர்ப்பயன்பாடு மாறவில்லை. ஆயினும் அதன் செறிவு 0.5 லிட்டரிலிருந்து 0.625 லிட்டராக, அதாவது 25 விழுக்காடு, உயர்ந்துவிடுகிறது. வருவாய் இழந்த பட்டறை சூழல் செயல்திறனிலும் பின்தங்கியதாகப் பதிவாகிறது. விலையைக் குறைத்தவரே அடுத்த ஆண்டு வினாநிரல் அனுப்பி, குறியீடு ஏன் மோசமடைந்தது எனக் கேட்கவும் கூடும். மறுபுறம், டாலருக்கு எதிராக ரூபாயின் மதிப்பு வீழ்ந்தால், டாலரில் விலை பெறும் ஏற்றுமதியாளரின் ரூபாய் விற்றுமுதல் உயர்ந்து, ஒரு லிட்டர் நீரும் சேமிக்கப்படாமலேயே அவருடைய குறியீடு மேம்படும். அளக்கப்படுவது நீர்ச் சிக்கனமா, விலை பேசும் வலிமையா என்னும் ஐயம் இங்கு எழுவது இயல்பே.

செபியின் திருத்தப்பட்ட படிவம் உற்பத்தி அளவால் வகுத்த செறிவையும் சேர்த்துள்ளது. இது வரவேற்கத்தக்கது. எனினும் ஆடை நிறுவனத்தின் உற்பத்தி உருப்படிகளாலும், சாயப்பட்டறையின் உற்பத்தி கிலோவாலும் எண்ணப்படுகின்றன. வெளிர்நிறச் சாயத்துக்கும் அடர்நிறச் சாயத்துக்கும் தேவைப்படும் உப்பும் அலசலும் வேறு. எந்தச் செய்முறை, எந்த நிறம், எந்தக் கட்டம் என்பவை வரையறுக்கப்படாதவரை உற்பத்தி அளவும் முழுமையான ஒப்பீட்டைத் தராது.

கைமாறும் கழிவு

கழிவுநீரை வெளியேற்றாத நிலையை எட்டுவதற்குத் திருப்பூர் மேற்கொண்ட வழி, எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் நீரைப் பிரித்து மீண்டும் பயன்படுத்துவதும், எஞ்சும் உவர்நீரை ஆவியாக்கி உப்பைப் பிரிப்பதும் ஆகும். சிறு பட்டறைகள் கூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துகின்றன. இம்முறை ஆற்றுக்குப் பெரும் நன்மை செய்துள்ளது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பொருள் அழிவதில்லை; இடம் மாறுகிறது. உவர்நீரை ஆவியாக்க விறகும் நிலக்கரியும் மின்சாரமும் தேவை. பிரித்த உப்பில் மறுபயன்பாட்டுக்கு உரியது போக, கலப்பு உப்பும் கசடும் எஞ்சிச் சேமிப்புக் கூடங்களில் குவிகின்றன.

தனிப் பட்டறையின் படிவத்தில் இவை எவ்வாறு இடம்பெறும் என்பதே வினா. கழிவுநீர் மூன்றாம் தரப்பினருக்கு அனுப்பப்பட்டது என எழுதினால் அதன் சொந்தக் கணக்கு தூய்மையாகிவிடும். ஆவியாக்கச் செலவான எரிபொருள் பொதுநிலையத்தின் கணக்கில் சேரும். பொதுநிலையமோ தனி நிறுவனமாகப் பதிவுபெற்றது. எந்த ஆடைக்கும் அது பெயர் தருவதில்லை. எந்தக் கொள்முதலாளரின் வினாநிரலும் எளிதில் அதனிடம் செல்வதில்லை. பட்டறைகள் அனைத்தும் நற்சான்று பெற, கசடு மட்டும் ஒரு கூடத்தில் உயர்ந்துகொண்டே போவது கணக்கியல் விதிகளின்படி இயலக்கூடியதே. தனிக் கணக்குகளின் கூட்டுத்தொகை ஊரின் கணக்காகாது என்பதை இது காட்டுகிறது.

ஆவணமும் நடைமுறையும்

சமூகக் கூறுகளை அளப்பதிலும் இதே குறை வேறு வடிவில் தோன்றுகிறது. கொள்கை ஆவணம் உண்டா, குழு அமைக்கப்பட்டுள்ளதா, பயிற்சி தரப்பட்டதா என்னும் வினாக்களுக்கு 'ஆம்' அல்லது 'இல்லை' என விடை தருவது எளிது. உருப்படிக் கூலிக்குத் தைக்கும் பெண், அவசர ஆணை வந்த வாரத்தில் எத்தனை மணிநேரம் அமர்ந்திருந்தார் என்பதை இவ்வினாக்கள் தொடுவதில்லை.

கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆடை ஆலை, 2012 ஆகஸ்டில் எஸ்.ஏ.8000 என்னும் பன்னாட்டுத் தொழிலாளர் நலச் சான்றைப் பெற்றது. அடுத்த மாதம் 11ஆம் நாள் நிகழ்ந்த தீயில் அங்கு 250க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தீ வைக்கப்பட்டது எனப் பின்னர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் பூட்டிய வாயில்களும் கம்பியிட்ட சன்னல்களும் தொழிலாளர் தப்பிக்கத் தடையாயின. சான்றிதழ் சுவரில் இருந்தது; வெளியேறும் வழி இல்லை. ஆவணச் சரிபார்ப்பை அளவீடாகக் கொள்வதன் எல்லையை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

இதன் மறுதலையும் உண்மையே. எழுதப்பட்ட கொள்கை ஏதுமின்றி, நோயுற்ற தொழிலாளிக்கு முன்பணம் கொடுத்தும், வேலை குறைந்த மாதத்தில் ஆட்களை நீக்காமல் வைத்திருந்தும் நடத்தப்படும் பட்டறைகள் உண்டு. வாய்மொழி வழக்கமாக உள்ள இந்நடைமுறைகளுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. இவ்வழக்கங்களை உயர்த்திப் பேசிச் சட்ட உரிமைகளுக்கு மாற்றாக்குவதும் தவறு. உரிமையாளரின் நல்லெண்ணம் உரிமை ஆகாது. எனினும் இருப்பதை இல்லையெனப் பதியும் அளவீடு முழுமையான அளவீடாகாது.

மாற்று அளவீட்டுக்கான கூறுகள்

மேற்கண்ட குறைகளைக் காட்டி, சிறு நிறுவனங்களை அளக்கவே வேண்டாம் என வாதிடுவது பொருந்தாது. ஒரத்துப்பாளையத்தின் உழவர்கள் இழந்த நிலமும் நீரும் சிறு பட்டறைகள் பலவற்றின் கூட்டு விளைவே. சிறியது என்பதால் தீங்கற்றது என்னும் கருத்தை நொய்யலின் வரலாறு மறுக்கிறது. வேண்டப்படுவது அளவீட்டின் அடிப்படை மாற்றமே. அது மூன்று கூறுகளைக் கொண்டிருத்தல் வேண்டும்.

முதலாவது, வகுஎண் பொருள்சார்ந்ததாக இருக்க வேண்டும். ஒரு கிலோ துணிக்கு இந்தச் செய்முறையில் இவ்வளவு நீர், இவ்வளவு உப்பு, இவ்வளவு எரிபொருள் என்னும் கணக்கைப் பட்டறையின் மேற்பார்வையாளர் தம் அன்றாடப் பதிவேட்டிலிருந்தே தர முடியும். விலை ஏறினாலும் இறங்கினாலும் இவ்வெண் மாறாது. துணியோடு இவ்வெண்ணும் சேர்ந்து பயணம் செய்தால், சாயமேற்றுதலை வெளியே கொடுத்த ஏற்றுமதியாளரின் கணக்கிலும் அந்நீர் இடம்பெறும்.

இரண்டாவது, தனிக் கணக்கோடு ஊர்க் கணக்கும் வேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் வந்த உப்பு, மீட்கப்பட்ட உப்பு, குவிந்த கசடு, செலவான எரிபொருள், ஆற்றில் மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் உள்ள நீரின் தன்மை ஆகியவை ஒரே அறிக்கையாக வெளிவருதல் வேண்டும். கூட்டுக் கணக்கின் மறைவில் விதி மீறுவோர் தப்பிக்கலாம் என்னும் எதிர்வாதம் வலுவானது. எனவே ஒவ்வொரு பட்டறையிலிருந்தும் வரும் நீரின் அளவும் உப்பின் அளவும் நுழைவிடத்திலேயே தனித்தனியே பதிவாக வேண்டும். பொறுப்பு தனித்தனியாகவும் விளைவு கூட்டாகவும் அளக்கப்படுதலே பொருத்தமானது.

மூன்றாவது, அளவீடு இருவழிப்பட்டதாக வேண்டும். சிறு நிறுவனத்தின் நீர்க்கணக்கைக் கேட்கும் பெருநிறுவனம், தான் கொடுத்த கூலி, பணம் தந்த நாள், ஆணையை மாற்றிய முறை ஆகியவற்றையும் வெளியிட வேண்டும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், ஒப்பந்தம் இருப்பினும் 45 நாள்களுக்கு மேல் பணம் நிறுத்திவைக்கப்படலாகாது என்கிறது. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமானவரிச் சட்டத் திருத்தம், குறு, சிறு நிறுவனங்களுக்குக் காலத்தில் செலுத்தாத தொகையை அவ்வாண்டின் செலவாகக் கழிக்க இயலாது என்று இதற்கு வலுவூட்டியது. செபியின் படிவத்திலும் செலுத்த வேண்டிய தொகை நிலுவையில் இருக்கும் நாள்களின் எண்ணிக்கை கேட்கப்படுகிறது. ஆயின் அது எல்லா வழங்குநர்களுக்கும் சேர்த்த சராசரி. சிறு நிறுவனம் காத்திருந்த நாள்கள் அதில் கரைந்துவிடுகின்றன. சிறு நிறுவனங்களுக்கெனத் தனிக் கட்டம் ஒன்றைச் சேர்ப்பது கடினமான சீர்திருத்தம் அன்று. சுத்திகரிப்புச் செலவைத் தாங்கும் கூலியும், உரிய நாளில் கைக்கு வரும் பணமும் இல்லாத பட்டறையிடம் நிலைத்தன்மையை எதிர்பார்ப்பது நியாயமாகாது என்பதால் இச்சிறு திருத்தத்துக்குப் பொருள் உண்டு.

முடிவுரை

அளவீடு நடுநிலையான கண்ணாடி என்னும் நம்பிக்கையை இவ்வாய்வு ஏற்கவில்லை. எல்லை எங்கே வரையப்படுகிறது, எதனால் வகுக்கப்படுகிறது என்பவற்றைப் பொறுத்து ஒரே ஐம்பதாயிரம் லிட்டர் நீர் ஒருவருக்குச் சாதனையாகவும் இன்னொருவருக்குக் குற்றமாகவும் மாறுவதை மேற்காட்டிய கணக்கு புலப்படுத்துகிறது. இவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரம் படிவத்தை வடிவமைப்பவரிடம் உள்ளது. அதன் விளைவு படிவத்தை நிரப்புபவரிடம் போய்ச் சேர்கிறது. அடுத்த ஆணை கிடைக்குமா, வங்கிக் கடன் எந்த வட்டிக்குக் கிடைக்கும் என்பவை இக்குறியீடுகளோடு பிணைக்கப்படும் காலத்தில், பிழையான வகுத்தல் ஒரு பட்டறையின் வாழ்வையே பாதிக்கும்.

நொய்யல் வழக்கில் உழவர்கள் கேட்டது ஆற்றில் எவ்வளவு உப்பு சேர்ந்தது, அதற்குப் பொறுப்பு யார் என்னும் எளிய கணக்கையே. அக்கணக்கில் பட்டறையும் இருந்தது, பொதுநிலையமும் இருந்தது. அத்துணியை வாங்கிச் சென்ற கொள்முதலாளர் மட்டும் இல்லை. இவர்கள் அனைவரையும் ஒரே ஏட்டில் பதியும் முறையை உருவாக்குவதே, சிறு நிறுவனங்களின் நிலைத்தன்மையை அளக்க முற்படும் ஆய்வுகளின் முன்னுள்ள பணியாகும்.